சதுக்கத்தை மறித்த இரும்புச் சுவர்

ஆசிரியருக்கு,

பொது இடத்துச் சிலை பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் உடனே ‘கலை தெரியாதவர்கள்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். நியூயார்க்கில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். 1981-ல் மன்ஹாட்டனில் அரசு அலுவலகங்களுக்கு முன்னால் இருந்த சதுக்கத்தில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா ‘டில்டட் ஆர்க்’ (சாய்ந்த வளைவு) என்ற சிற்பத்தை நிறுவினார். சிற்பம் என்றால் முகமோ உருவமோ இல்லை, 120 அடி நீளம், 12 அடி உயரத்துக்குத் துருவேறிய எஃகுச் சுவர், லேசாகச் சாய்ந்து சதுக்கத்தை இரண்டாகப் பிளந்து நின்றது! தினமும் அதைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? எலி வருகிறது, கிறுக்கி வைக்கிறார்கள், குண்டு வெடித்தால் அதிர்வைக் கட்டடத்தின் பக்கமே திருப்பிவிடும் என்றுகூடச் சொன்னார்கள். (கடைசியாகச் சொன்னது கொஞ்சம் அதிகம்தான்.)

சரி, 1985-ல் கருத்துக் கேட்டார்கள். பேசிய 180 பேரில் 122 பேர் ‘இருக்கட்டும்’ என்றார்கள், 58 பேர்தான் அகற்றச் சொன்னார்கள். ஆனாலும் கருத்துக் கேட்ட குழு அகற்றவே முடிவு செய்தது. இந்த இடத்துக்கென்றே செய்தது, வேறு இடத்தில் வைத்தால் அழித்த மாதிரிதான் என்று செர்ரா வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. 1989 மார்ச்சில் ஓர் இரவில் மூன்று துண்டாகப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள்.

எனக்கும் அந்தச் சுவர் பிடித்திருக்காது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களிடம் இந்தக் கேள்வியை 1985-ல் கேட்டதற்குப் பதில், சுவரை நிறுவுவதற்கு முன்பே ஏன் கேட்கவில்லை?

இப்படிக்கு,
ஒரு வாசகர்