வேகம் கூடினால் எல்லை நகருமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007ஆம் ஆண்டு முதல் குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் இயங்கிவரும் இவ்வூரில், குவாண்டம் கணினியைப் பற்றியும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் தமிழில் எழுதப்படுவது பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், போதிய வேகம் மட்டும் கிடைத்துவிட்டால் கணினி எந்தக் கேள்விக்கும் விடை கண்டுவிடும் என்ற எண்ணம் அவ்வெழுத்துகளில் சொல்லாமலேயே புகுந்துவிடுகிறது. அது சரியன்று.

மின்னணுக் கணினி உருவாவதற்கு முன்பே, 1936இல், ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டியூரிங் தாளிலேயே ஓர் இயந்திரத்தை வடித்தார். கட்டங்களாகப் பிரித்த முடிவில்லா நாடா, ஒவ்வொரு கட்டமாகப் படித்து எழுதும் முனை, அடுத்த செயலைக் கூறும் விதிப்பட்டியல் ஆகியவையே அதன் உறுப்புகள். நம் கைப்பேசி போடும் கணக்கு எதுவாயினும், எவ்வளவு காலமானாலும் சரி என்றால், இந்த இயந்திரமும் போட்டுவிடும். ஆனால் ஒரு நிரல், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, என்றேனும் நிற்குமா, முடிவின்றி ஓடுமா என்பதை எல்லா நிரல்களுக்கும் பிழையின்றிச் சொல்லும் பொதுவழி எதுவும் இருக்க முடியாது. இருப்பதாக வைத்துக்கொண்டால், அது "நிற்கும்" என்றால் ஓடிக்கொண்டே இருக்கவும், "நிற்காது" என்றால் உடனே நிற்கவும் ஒரு நிரலை எழுதி, அந்நிரலைப் பற்றியே அதனிடம் கேட்கலாம். எந்த விடை கூறினாலும் அது பொய்த்துவிடும். இவ்வாதத்தில் வேகத்துக்கு வேலையே இல்லை. பேரெண்களைக் காரணிப்படுத்துவது போன்ற சில கணக்குகளின் காலத்தைக் குவாண்டம் கணினி வெகுவாகக் குறைக்கக்கூடும். இந்த எல்லையை அதனால் தாண்ட இயலாது.

எல்லை எங்கோ தொலைவில் இருப்பதாகவும் எண்ண வேண்டாம். அடுத்து எந்த விதியைப் பின்பற்றுவது என்பதைத் தீர்மானிக்கும் உள்நிலைகள் ஐந்தும், நாடாவில் எழுதும் குறிகள் இரண்டும் மட்டுமே கொண்ட டியூரிங் இயந்திரங்களில், வெற்று நாடாவில் தொடங்கி முடிவில் நிற்பவற்றுள் மிக நீண்டு ஓடுவது 47,176,870 அடிகள் எடுக்கிறது. இன்றைய மடிக்கணினிக்கு இது நொடிப்பொழுது வேலை. அவ்வியந்திரம் 1989இலேயே கண்டறியப்பட்டது. அதை விஞ்சுவது வேறில்லை என்று நிறுவ, மற்ற ஒவ்வோர் இயந்திரமும் நிற்குமா என்று தீர்த்தாக வேண்டும். அதைச் செய்து முடித்ததோ 2024இல், இணையத்தில் கூடி உழைத்த ஆர்வலர் குழு. ஆறு நிலைகளுக்கான விடை இன்னும் தெரியவில்லை.

எந்த நிரலிலும் எல்லாப் பிழைகளையும் தவறாமல் காட்டித்தரும் மென்பொருள் என்று விற்பனையாளர் எவரேனும் கூறினால் ஐயுறுவதற்கும் இதுவே காரணம்; நிற்க வேண்டிய நிரல் முடிவின்றி ஓடுவதும் ஒரு பிழைதானே. எனவே, இத்துறைக் கட்டுரைகளை வெளியிடும்போது, காலம் மிகுதியாகத் தேவைப்படும் கணக்குகளையும் எக்காலத்தும் கணிக்கவே இயலாதவற்றையும் வேறுபடுத்திக் காட்டுமாறு கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தோ பாயோ