பிரஸ்ஸல்ஸின் ஹாலே வாசல்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. நாங்கள் இன்னும் பிரஸ்ஸல்ஸில் மகள் வீட்டில்தான் இருக்கிறோம். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே ஹாலே வாசல் என்று ஒரு பழைய கோட்டைவாசல். பார்த்ததிலிருந்து உன் நினைவுதான். ஹாலே என்ற ஊர் இருக்கும் திசையைப் பார்த்து 1381-இல் கட்டியது. நகரத்து மதிலில் இப்படி ஏழு பெரிய வாசல்கள் இருந்தனவாம். மதிலை இடித்துச் சாலை போட்டபோது மற்றவை எல்லாம் போய்விட்டன. இதைச் சிறையாகப் பயன்படுத்தி வந்ததால் இது மட்டும் தப்பித்தது. 1847-இல் பழைய ஆயுதங்களையும் கவசங்களையும் வைத்து அருங்காட்சியகமாக்கினார்கள். அப்புறம் பெயார்ட் என்ற கட்டடக் கலைஞர் வட்டக் கோபுரம், கூம்புக் கூரை எல்லாம் சேர்த்து அரண்மனை போல மாற்றிவிட்டார். காவல் காத்த கட்டடத்துக்கு அவ்வளவு அலங்காரம் வேண்டாம் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் உள்ளே அவர் அமைத்த சுழல் படிக்கட்டு அபாரம்.

ஆயுதத் தொகுப்பில் பெரும்பகுதி இப்போது இதே ஊரின் ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இருந்தாலும், 17ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டை ஆண்ட ஆல்பர்ட் இளவரசரின் அணிவகுப்புக் கவசம் இங்கேதான் இருக்கிறது. பட்டறைக்காரன் நீ பார்க்க வேண்டியது அதைத்தான். இந்த மாதிரிக் கவசங்களில் முழங்கை, முழங்கால், விரல் என்று மடங்கும் இடமெல்லாம் சின்னச் சின்னத் தகடுகள், மீன் செதில் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் சிலவற்றுக்கு வட்டத் துளை இல்லை, நீள வெட்டுதான். கை மடங்கினால் ரிவெட் அதற்குள் நகர்ந்து கொடுக்கும். உள்பக்கம் தோல் வார் பிடித்துக்கொள்ளும். வெல்டிங் இல்லாத காலம், நெருப்பும் சுத்தியலும்தான்! நெஞ்சுத் தகடு கனமாக இருக்கும், கைகால் தகடுகளை மெலிதாக அடித்திருப்பார்கள்.

போருக்கான முழுக் கவசம் இருபது, இருபத்தைந்து கிலோ வரும். அந்தப் பாரம் உடம்பு முழுக்கப் பரவுவதால், பழகிய வீரன் தானாகவே குதிரை ஏறிவிடுவான். கயிறு கட்டித் தூக்கி ஏற்றினார்கள் என்பது வெறும் கதை.

உனக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, பட்டறையைப் பத்து நாள் பையன் பார்த்துக்கொள்ள மாட்டானா? மகள் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் கிடக்கிறது. அம்மா நன்றாகத் தேறியதும் கிளம்பி வா. எந்த மாதம் தோதுப்படும் என்று எழுது.

அன்புடன்,
ராமு