அந்த மேடுகள் சமாதி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த செர்பியா பயணக் கட்டுரையைப் படித்தேன். கம்சிகிராடில் ரோமானியப் பேரரசர் கலேரியஸ் கட்டிய அரண்மனையைப் பற்றி நன்றாக எழுதியிருந்தார்கள். மொசைக் தரை, பெரிய பெரிய கோபுரங்கள், 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது எல்லாம் சரி. எதிரே இருக்கும் மகுரா குன்றை மட்டும் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார்கள்: ‘குன்றின் மேல் அரசருக்கும் தாய்க்கும் சமாதி மேடுகள் உள்ளன, நேரமிருந்தால் பார்க்கலாம்.’ அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த மேடுகள் சமாதி அல்ல. குன்றின் மேல் இரண்டு கல் மண்டபங்களின் மிச்சமும் இரண்டு மண்மேடுகளும் இருக்கின்றன, மகனுக்கு ஒரு ஜோடி, தாய்க்கு ஒரு ஜோடி. அடக்கம் செய்தது மண்டபத்தில். மேடு, அவர்களைத் தெய்வமாக்கச் சிதை மூட்டிய இடம். சிதையில் எரித்தபின் அடக்கம் செய்ய என்ன இருக்கும் என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. அப்புறம் படித்ததில் புரிந்தது. ரோமில் உடலைத் தனியே அடக்கம் செய்துவிட்டு, பேரரசரின் மெழுகுப் பதுமையைச் சிதையில் வைத்து எரிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. சிதையே பல அடுக்கு மாடிபோல உயரமாக இருக்குமாம். தீ பிடித்ததும் உச்சியிலிருந்து ஒரு கழுகைப் பறக்கவிடுவார்கள். அது உயிரை வானுலகுக்கு எடுத்துப் போகிறது என்று நம்பிக்கை. அன்றிலிருந்து அவர் தெய்வம்.

என் மகன் பெல்கிரேடில் வேலை பார்க்கிறான். போன செப்டம்பரில் அவர்களோடு போயிருந்தேன். அரண்மனையைச் சுற்றியதிலேயே மகனும் மருமகளும் களைத்துவிட்டார்கள். குன்று அங்கிருந்து சுமார் 1 கிலோமீட்டர்தான். முழங்கால் வலியோடு நான் மட்டும் மெதுவாக ஏறினேன். மேலே ஒரு ஆள் இல்லை. எங்கோ மாட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டது. கலேரியஸும் இளமையில் மாடு மேய்த்தவர்தான், அதைச் சொல்லியே அவருக்கு ஒரு பட்டப்பெயரும் இருந்தது. மண்டபங்களில் அடிப்பகுதிதான் மிச்சம். சாந்து உதிர்ந்த ஒரு இடுக்கிலிருந்து ஓணான் போல ஒன்று தலையை நீட்டி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

பெரிய மேட்டின் அருகே போனபோது, பழக்க தோஷம், செருப்பைக் கழற்றக் குனிந்துவிட்டேன். கிறிஸ்தவர்களை இந்த மனிதர் படுத்திய பாடு நினைவுக்கு வந்தது. கழற்றவில்லை. நோய் முற்றிய பிறகுதான், 311-இல், துன்புறுத்தலை நிறுத்தி ஆணையிட்டார். சில நாளில் இறந்தும் போனார். அவரைத் தூண்டிவிட்டதே தாய் ரோமுலாதான் என்று அந்தக் கால எழுத்தாளர் லாக்டான்டியஸ் எழுதிவைத்திருக்கிறார். அவரோ கிறிஸ்தவர், கலேரியஸ்மேல் தீராத கோபம் உள்ளவர். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. கம்சிகிராடின் பழைய பெயரே அந்த அம்மாவுடையது: ரோமுலியானா. ‘ஃபெலிக்ஸ் ரோமுலியானா’ என்று பொறித்த கல் 1984-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும்வரை, கீழே இருப்பது ஏதோ ராணுவக் கோட்டை என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள்.

இன்னொன்று, அரண்மனைக்குள் நிற்கும்போது இடிந்த சுவர்கள்தான் கண்ணில் படும். குன்றிலிருந்து திரும்பிப் பார்த்தால்தான் அதன் முழு வடிவமும் பிடிபடுகிறது. கட்டுரையில் சொன்னதுபோல நேரமிருந்தால் போகிற இடம் இல்லை இது. நேரம் குறைவென்றால் கீழே அரை மணியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்த இதழில் ‘சமாதி மேடுகள்’ என்பதை மட்டுமாவது திருத்திவிடுங்கள். போகிறவர்கள் புடவை கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்பதையும் சேர்த்துப் போடலாம். கரை முழுக்க ஒட்டிக்கொண்ட புல் முள்ளை, பெல்கிரேடு வரும்வரை காரில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டே வந்தேன்.

இப்படிக்கு,
வாசகி, நாகர்கோவில்