செயலாளரின் ஆண்டறிக்கை: பகடை பேஸ்பாலும் நம் ஸ்கோர் கோப்புகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பிட்ஸ்பர்கில் பகடை உருட்டி பேஸ்பால் ஆடும் நம் சிறிய சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த ஆண்டு நாம் செய்த பெரிய காரியம் ஒன்றுதான். நம் லீக் ஆட்டங்களின் ஸ்கோரைக் காகிதத்திலிருந்து எடுத்து, கட்டளை வரியில் (சொற்களைத் தட்டி ஓட்டும் திரையில்) ஓடும், ஸ்கோர் கோப்புகளை வாசிக்கும் சாட்விக் நிரலுக்குக் கொண்டுவந்தோம். அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும். மற்றவற்றை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

செயற்குழு தவறாமல் கூடியது. பனி கொட்டிய வாரங்களில் மட்டும் ஜூமில் பேசிக்கொண்டோம். ஆட்டங்கள் எப்போதும்போல உறுப்பினர்களின் வீட்டு பேஸ்மென்டுகளில் நடந்தன. இடம் தந்தவர்களுக்கும், இரவு பத்து மணிக்கு மேலும் காபி போட்டுத் தந்த வீட்டாருக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. வரவழைத்த பழைய சீசன் அட்டைப் பெட்டி ஒன்று பாதி அட்டைகள் இல்லாமல் வந்து சேர்ந்தது. விற்றவரிடம் பேசிப் பணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டோம். வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் லீக்கில் ஆடும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கை ஹால் ரிச்மன் 1961-ல் வெளியிட்டார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1951-ல், நம் பென்சில்வேனியாவின் லேங்கஸ்டரிலிருந்து அப்பா (APBA) என்ற பகடை பேஸ்பால் ஆட்டம் வந்துவிட்டது. நம் மூத்த உறுப்பினர்கள் இன்றும் அதைத்தான் விரும்பி ஆடுகிறார்கள். ஸ்ட்ராட்டில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை உண்டு. மூன்று பகடைகளை உருட்டுகிறோம். வெள்ளைப் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும், 4 முதல் 6 வரை விழுந்தால் பந்து வீச்சாளரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று காட்டும். அந்த வரியில் ஹோம் ரன் என்று இருந்தால் ஹோம் ரன். அந்த வீரர் நிஜத்தில் எப்படி ஆடினாரோ, அந்த விகிதம் அட்டையில் அடங்கியிருக்கிறது.

ஆனால் பகடையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டதும் ஆட்டம் போய்விடும். நிஜ ஆட்டத்துக்கு செய்தித்தாள் உண்டு, வானொலிப் பதிவு உண்டு, பார்த்தவர்களின் நினைவு உண்டு. பகடை ஆட்டத்துக்கு ஸ்கோர் தாளைத் தவிர வேறு சாட்சியே கிடையாது. அந்தத் தாள்கள் ஆளுக்கொரு கையெழுத்தில், ஆளுக்கொரு குறியீட்டில், ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன. நம் லீக்கில் பைரேட்ஸ் அணியின் கிளமென்டே இடது கை வீச்சாளர்களை எப்படி அடிக்கிறார் என்று ஒரு பையன் கேட்டால், எல்லாத் தாளையும் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார வேண்டும். யாரும் உட்காரவில்லை. ஆசையாக ஆடிய ஆட்டங்கள் இப்படிப் பதில் சொல்ல முடியாமல் கிடப்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. கணினியிலேயே பகடை உருட்டும் மென்பொருள் வாங்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். அதில் புள்ளிவிவரம் தானாக வரும்தான். ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கையால் உருட்டும் ஆட்டம் போய்விடும் என்பதால் செயற்குழு அதை ஏற்கவில்லை.

நாம் எடுத்துக்கொண்ட வழி ஏற்கெனவே நன்றாகப் போடப்பட்ட பாதை. 1984-ல் பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸின் அழைப்பில் ப்ராஜெக்ட் ஸ்கோர்ஷீட் என்ற பெயரில் ரசிகர்களே ஒவ்வோர் ஆட்டத்தையும் நிகழ்வுக்கு நிகழ்வு பதிவு செய்யத் தொடங்கினார்கள். 1989-ல் டெலவேர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித் ரெட்ரோஷீட்டை ஆரம்பித்து, பழைய ஆட்டங்களின் ஸ்கோர் தாள்களைத் தேடிப்பிடித்து, எல்லாவற்றையும் எளிய உரைக் கோப்புகளாக்கி இலவசமாகத் தந்தார். அந்தக் கோப்புகளை வாசிக்கும் கட்டளை வரி நிரல்களின் தொகுப்புதான் டெட் டூரோசி உருவாக்கிய சாட்விக். அதுவும் இலவசம், திறந்த மூலம்.

நிரலின் பெயருக்குரிய ஹென்றி சாட்விக் யார் என்று கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் பெரியவர்கள் கேட்டார்கள். 1824-ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து, சிறு வயதில் புரூக்ளினுக்கு வந்தவர். முதலில் கிரிக்கெட் செய்தியாளராக இருந்து, பிறகு பேஸ்பாலுக்கு வந்து, கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் வழியில் பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஓர் ஆட்டத்தின் சுருக்க அட்டவணையை, வளர்த்தெடுத்தார். ஊரில் ஸ்கோர் புத்தகம் எழுதிப் பழகிய நம் மாமாக்கள் இருவர் இந்த வேலையைப் பிள்ளைகளைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

வேலை நடக்கும் விதம் இதுதான். ஒருவர் பகடை உருட்டுகிறார், ஒருவர் அட்டையைப் படிக்கிறார், மூன்றாமவர் மடிக்கணினியில் ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு வரி தட்டுகிறார். அந்த வரியில் இன்னிங்ஸ் எண் வரும், விருந்தினர் அணிக்கு 0 அல்லது சொந்த அணிக்கு 1 வரும், வீரரின் குறியீடு வரும், பிறகு நடந்தது வரும். பைரேட்ஸின் இரண்டாம் தளத்துக்காரர் மசெராஸ்கி என்றால் குடும்பப் பெயரின் முதல் 4 எழுத்து, முதற்பெயரின் 1 எழுத்து, கடைசியில் 101. ஸ்ட்ரைக், பால் எண்ணிக்கைக்கான இடத்தில் நாம் எப்போதும் இரண்டு கேள்விக்குறிதான் போடுகிறோம். பகடை ஒரே உருட்டில் முடிவைச் சொல்லிவிடுகிறது, நடுவில் எத்தனை பந்து வீசப்பட்டது என்று அதற்குத் தெரியாது. ரெட்ரோஷீட்டும் எண்ணிக்கை கிடைக்காத பழைய ஆட்டங்களுக்கு அப்படித்தான் போடுகிறது.

நடந்ததை எழுதும் குறியீடு பார்க்கப் பார்க்க அழகானது. 64(1)3 என்று ஒரு வரி. 6 ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவர்), 4 இரண்டாம் தளத்துக்காரர், 3 முதல் தளத்துக்காரர். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 1, முதல் தளத்திலிருந்து ஓடியவர் அவுட் என்பதைக் காட்டும். பந்து ஷார்ட் ஸ்டாப் குரோட்டிடம் போய், அவர் மசெராஸ்கியிடம் எறிந்து, முதல் தளத்திலிருந்து ஓடிவந்தவர் அவுட், அங்கிருந்து முதல் தளத்துக்குப் பறந்து மட்டையாளரும் அவுட். வாழ்நாளில் 1,706 இரட்டை அவுட்களில் பங்குகொண்ட இரண்டாம் தளத்துக்காரரின் கை அந்த 4-க்குள் இருக்கிறது.

புதியவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இடது புறம் ஒரு சிங்கிள் (மட்டையாளரை முதல் தளத்தில் சேர்க்கும் அடி) என்றால் எஸ்7. ஆனால் முதல் தளத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றால், புள்ளி வைத்து 1-2 என்றும் சேர்த்து எழுத வேண்டும். அவர் இரண்டாம் தளத்துக்குப் போனாரா, மூன்றாவதையும் பிடித்தாரா என்று நிரல் ஊகிக்காது. நாம் சொல்ல வேண்டும். புரியாத வரியைக் கண்டால் எந்த ஆட்டம், எத்தனையாவது நிகழ்வு என்று திரையில் காட்டிவிடும்.

எல்லாம் முடிந்ததும் சிடபிள்யூபாக்ஸ் என்ற கட்டளையோடு ஆண்டையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால் பாக்ஸ் ஸ்கோர் திரையில் வந்து நிற்கும். சிடபிள்யூஈவென்ட் கொடுத்தால் ஒவ்வொரு நிகழ்வும் அட்டவணை வரியாக வரும், விரிதாளில் திறந்துகொள்ளலாம். கிளமென்டே பற்றிய கேள்விக்கு இப்போது சில நிமிடங்களில் பதில் கிடைக்கிறது.

நம் ஆட்டங்கள் நிஜ ஆட்டங்களோடு கலந்துவிடக் கூடாது என்பதில் செயற்குழு கண்டிப்பாக இருந்தது. பகடையில் கிடைத்த ஹோம் ரன் ஒரு நாள் எங்கோ உண்மைக் கணக்கில் போய்ச் சேர்ந்தால் அது ரெட்ரோஷீட் தன்னார்வலர்களின் உழைப்புக்குச் செய்யும் துரோகம். அதனால் நம் அணிகளுக்கு நிஜத்தில் இல்லாத மூன்றெழுத்துக் குறியீடுகள், தனி அணிக் கோப்பு, தனி வீரர் பட்டியல் எல்லாம் வைத்திருக்கிறோம்.

அப்புறம், சரிபார்ப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பாக்ஸ் ஸ்கோர் சரியா என்று பார்க்க பேஸ்பால் விதிப்புத்தகமே ஒரு வழி தருகிறது. ஓர் அணி மட்டை பிடிக்க வந்த மொத்தத் தடவைகள், அந்த அணியின் ஓட்டங்கள், தளங்களில் நின்றுபோனவர்கள், எதிரணி எடுத்த அவுட்கள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். பேரேட்டில் பற்றும் வரவும் போல இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டும்.

பயிற்சி வகுப்பில் இதைக் காட்ட 1960 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை எடுத்துக்கொண்டோம். அக்டோபர் 13, ஃபோர்ப்ஸ் ஃபீல்டு, நம் ஊர். நம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 10, நியூயார்க் யாங்கீஸ் 9. ஒன்பதாவது இன்னிங்ஸின் அடிப்பாதியில், அவுட் ஏதும் விழாத நிலையில், மசெராஸ்கியின் ஹோம் ரன்னோடு ஆட்டம் முடிந்தது. அவர் மட்டை வரிசையில் எட்டாவது. வரிசை மூன்று முறை முழுதாகச் சுற்றி நான்காம் சுற்றில் எட்டாமவரிடம் நின்றது, ஆக 35 பேர் மட்டை பிடித்தார்கள். ஓட்டம் 10, எட்டு இன்னிங்ஸுக்கு அவுட் 24, இரண்டும் சேர்ந்து 34. மிச்சம் 1. அந்த நாள் முழுவதும் பைரேட்ஸில் ஒரே ஒருவர்தான் தளத்தில் நின்றுபோனார். யாங்கீஸ் பக்கம் கடைசி அவுட் ஆனபோது மட்டை பிடித்தவர் ஆறாம் இடத்து ஸ்கௌரன், மொத்தம் 42 பேர். 9 ஓட்டம், 27 அவுட், தளத்தில் நின்றவர்கள் 6. கணக்கு நேராக நிற்கிறது. நிரல் தந்த பாக்ஸ் ஸ்கோரிலும் அதே எண்கள்தான். பிள்ளைகள் கரும்பலகையில் இதைப் போட்டுவிட்டுத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த மகிழ்ச்சியை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்த ஆட்டத்தில் இருபக்கமும் ஒரு ஸ்ட்ரைக் அவுட்கூட இல்லை. கோப்பில் நடந்ததை எழுதும் பகுதி முழுவதிலும் ஸ்ட்ரைக் அவுட்டைக் குறிக்கும் கே என்ற எழுத்தைத் தேடிப் பாருங்கள் என்று வகுப்பில் சொன்னோம். உலகத் தொடர் ஆட்டம் ஒன்றை அப்படித் தேடி வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். எட்டாவது இன்னிங்ஸில் பைரேட்ஸின் விர்டன் அடித்த பந்து தரையில் தெறித்து யாங்கீஸின் ஷார்ட் ஸ்டாப் குபெக்கின் தொண்டையில் பட்டதே, அது பிழையாக, அதாவது தடுப்பாளரின் தவறாக, எழுதப்படவில்லை. சிங்கிள் என்றுதான் ஸ்கோர் எழுதியவர் தீர்மானித்தார். சரியான தீர்மானம் என்பதே என் கருத்து. குபெக் செய்ய வேண்டியதைத்தான் செய்தார், தரை மாற்றிவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் உறுப்பினர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிரல் கூட்டும், வரிசைப்படுத்தும், தப்பைக் காட்டும். தீர்ப்புச் சொல்வது ஸ்கோர் எழுதுபவரின் வேலை. பந்து வீச்சாளரின் தலையில் எழுத வேண்டிய ஓட்டம் எது, பிழையால் வந்த ஓட்டம் எது என்பதை ரெட்ரோஷீட் கோப்பிலேயே தனி வரியாகக் கையால் எழுதுகிறார்கள். நாமும் அப்படியே செய்கிறோம்.

நம் லீக்கில் வந்த ஒரு சிக்கலைச் சொல்கிறேன். ஃபோர்டு வீசுகிறார், ஓர் அவுட், முதல் தளத்தில் கிளமென்டே. பர்ஜெஸ் வலப்புறம் சிங்கிள் அடிக்கிறார், மேரிஸின் பிழையில் கிளமென்டே மூன்றாம் தளத்துக்குப் போகிறார். ஹோக் ஆழமாக நடுப்புறம் தூக்கி அடித்து அவுட் ஆக, கிளமென்டே ஓடி வந்து ஓட்டம். மசெராஸ்கி அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. அந்த ஓட்டம் ஃபோர்டின் கணக்கில் சேருமா? கிளமென்டே வேகமானவர், பிழை இல்லாவிட்டாலும் மூன்றாம் தளத்தைப் பிடித்திருப்பார் என்று ஒரு பக்கம் வாதாடியது. சந்தேகம் இருந்தால் வீச்சாளர் பக்கம் சாய வேண்டும் என்பது விதி என்று மறுபக்கம் சொன்னது. நல்லவேளையாக ஸ்கோர் எழுதிய தங்கை பகடை எண்களைக் குறிப்பு வரியில் எழுதி வைத்திருந்தார். அந்த எண்ணுக்கு அட்டையைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், சிங்கிளுக்கு ஓட்டக்காரர் ஒரு தளம் மட்டுமே முன்னேறலாம் என்று இருந்தது. ஆகவே பிழை இல்லாவிட்டால் அவர் இரண்டாம் தளத்தில்தான் நின்றிருப்பார், ஹோக்கின் அடியில் மூன்றாவதைத் தாண்டியிருக்க மாட்டார். ஓட்டம் ஃபோர்டின் கணக்கில் சேரவில்லை. இரு பக்கமும் ஏற்றுக்கொண்டார்கள். காகிதக் காலத்தில் இந்த வாதம் அன்றிரவு முழுக்க ஓடியிருக்கும்.

இதையெல்லாம் கருதி, செயற்குழுவின் சார்பில் மூன்று முன்மொழிவுகளை வைக்கிறேன். வரும் ஆண்டில் லீக் ஆட்டம் எதுவும் கோப்பும் சரிபார்ப்பும் இல்லாமல் கணக்கில் சேரக் கூடாது. ஸ்கோர் எழுதுபவர் அந்த ஆட்டத்தின் இரு மேலாளர்களில் ஒருவராக இருக்கக் கூடாது, தீர்ப்பும் லாபமும் ஒரே கையில் வேண்டாம். பிழை நடந்த ஒவ்வொரு நிகழ்வுக்கும் பகடை எண்களைக் குறிப்பு வரியில் எழுதுவது கட்டாயம். பழைய பெட்டியில் உள்ள தாள்களைக் கோப்புகளாக்கும் வேலைக்குத் தன்னார்வலர்கள் தேவை. டெர்மினலைத் திறந்தே பார்த்திராதவர்களும் வரலாம், ஒரு மாலையில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அக்டோபர் 13 அன்று நம் ஊரின் ஓக்லண்ட் பகுதியில் மிஞ்சியிருக்கும் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மதிலடியில், வழக்கம்போல ஊரார் கூடி அந்த ஆட்டத்தின் வானொலி வர்ணனையைக் கேட்பார்கள். நாமும் மடிக்கணினியோடு போய், வர்ணனையைக் கேட்டபடியே அந்த ஆட்டத்தை வரிவரியாகத் தட்டிப் பழகலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பிள்ளைகளை அழைத்து வாருங்கள், நாற்காலியும் கையோடு கொண்டு வாருங்கள்.

வழிநடத்திய தலைவருக்கும், கணக்கைக் காத்த பொருளாளருக்கும், ஆட்டத்துக்கு ஆட்டம் பொறுமையாகத் தட்டச்சு செய்த ஸ்கோர் எழுத்தர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையையும் முன்மொழிவுகளையும் விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்