மூலிகைக் கட்டுரையில வந்த அந்த ஒரு வரி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல "நிலவேம்பு மலேரியாக் கிருமியக் கொல்லுறது லேப்ல நிரூபணமாயிட்டுது, வீட்டில அவிச்சுக் குடிச்சாப் போதும்" எண்டு ஒரு வரி வந்தது. மட்டக்களப்புப் படுவான்கரையில நாலு தலைமுறையா நாட்டு வைத்தியப் பரியாரி வேலை செய்த குடும்பம் எங்கட, மூலிகையக் குறைச்சுச் சொல்ல நான் எழுதல்ல. ஆனா அந்த வரி எனக்கு ரெண்டு நாளா நித்திரையக் கெடுத்துட்டுது.

லேப்ல கண்ணாடித் தட்டுக்குள்ள கிருமி சாகிறது முதல் படிதான் எண்டு உங்களுக்குத் தெரியாததா ஐயா? அதே சாறு மனிசர்ட கலத்தையும் சேத்துச் சாகடிக்குதா, குடிச்சா ஈரலத் தாண்டி ரத்தத்தில போதுமான அளவு நிக்குதா எண்டெல்லாம் பாக்கணும். நிலவேம்பு இல்ல, வேப்பமரத்தில இருக்கிற கெடுனின் எண்ட சத்து தட்டில மலேரியாக் கிருமிய நல்லாச் சாகடிச்சுது, எலிக்குத் தனியக் குடுத்தா அவ்வளவா எடுபடல்ல.

என்ட அக்காட மகன் ஆபிரிக்காவில கட்டட வேலை செய்திட்டு வந்து பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். 2012க்குப் பிறகு நம்மட இலங்கையில உள்ளூர் மலேரியா இல்ல, 2016ல உலக சுகாதார அமைப்பு சேட்டிபிகேட்டும் தந்திட்டுது, அதால ஒருத்தருக்கும் அந்த நினைப்பே வரல்ல, முதல் மருந்துக்குக் காட்டின இடத்தில எங்க போயிட்டு வந்தாய் எண்டு கூடக் கேக்கல்ல. நாங்க நாலு நாள் நிலவேம்புக் கசாயம் குடுத்தம். நடுங்கின நடுக்கத்தில கட்டில் சுவரில இடிச்சுக் கொண்டே கிடந்தது. மறுகா ரத்தம் பாத்துத்தான் மலேரியா எண்டு பிடிச்சாங்க. அவனக் காப்பாத்தின ஆர்டிமெதர் மாத்திரையும் சீனத்து மூலிகை ஒண்டில இருந்து வந்ததுதான். சீன விஞ்ஞானி தூ யூயூ அம்மா பழைய ஏட்டில "தண்ணியில ஊறவச்சுப் பிழி" எண்டு இருந்ததப் பாத்து, அவிக்கிற சூடுதான் மருந்தக் கெடுக்குது எண்டு யோசிச்சு, 1971ல ஈதர் எண்ட கரைப்பான்ல குறைஞ்ச சூட்டில எடுத்தாதான் எலியில வேலை செய்தது. 2015ல நோபல் பரிசு. எங்கட அம்மப்பாவும் சில இலைய அடுப்பில வைக்க விடமாட்டார், வெள்ளைத் துணியில கட்டிப் பிழிஞ்சு, சங்கால அளந்துதான் குடுப்பார். நீங்க எல்லாத்தையும் "அவிச்சுக் குடி" எண்டு எழுதிட்டீங்க.

ரெண்டு வருசத்துக்கு முதலும் நிலவேம்பு எண்டு நிலவாகைப் படத்தப் போட்டீங்க. அது வயித்தால போற மருந்து. அப்பவும் கடிதம் போட்டன், ஒரு வரி வரல்ல. ஆராய்ச்சிக்கு எண்டு வந்தவங்களும் அப்பிடித்தான், அம்மப்பாட்ட மூணு பை இலை கொண்டு போனாங்க, என்ன கண்டாங்க எண்டு அவர் கண்மூடும் வரைக்கும் ஒரு தபால் வரல்ல. அவர் வாசல்லயே பாத்துக் கொண்டிருந்தார்.

தயவுசெய்து வாற ஞாயிறு அதே பக்கத்தில ஒரு திருத்தம் போடுங்க. வெளிநாட்டால வந்தவருக்குக் காய்ச்சல் எண்டா கசாயத்துக்கு முதல் ரத்தம் பாக்கணும் எண்டு மட்டும் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு வாசகர்