பின்மண்டைக் கணக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. புது கிளினிக்கில் ஆள் வரத் தொடங்கிவிட்டது என்பதில் ரொம்ப சந்தோஷம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருகிறவர்கள்கூட எழுந்து போகிறபோது தொப்பியைக் கழற்றிக் காட்டி, "டாக்டர், இதுக்கு முடி நட்டுக்கலாமா?" என்று கேட்கிறார்கள், என்ன சொல்லி அனுப்ப என்று எழுதியிருந்தாய். உன் அக்கா மகனின் படங்களையும் பார்த்தேன். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, "எனக்கு எத்தனை கிராஃப்ட் தேவைப்படும்?" நான் கேட்கச் சொல்வது, "என்னிடம் எத்தனை இருக்கிறது?" இந்த வைத்தியத்தில் புதிதாக ஒரு முடியும் உண்டாவதில்லை. பின்மண்டையிலும் காதோரத்திலும் இருப்பதை எடுத்து முன்னால் வைக்கிறோம், அவ்வளவுதான். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. அதனால் முடி எடுக்கிற இந்த டோனர் பகுதி என்பது ஆயுசுக்கும் ஒரே கைமுதல்.

கணக்கைப் போட்டுப் பார். முடி தனித்தனியாக வளர்வதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, சிலசமயம் நாலு முடிகள் சேர்ந்த கொத்தாக வளர்கிறது. ஒரு கொத்துதான் ஒரு கிராஃப்ட். சராசரியாக ஒரு கிராஃப்டில் இரண்டு முடிக்குச் சற்று மேல் இருக்கும். (விளம்பரங்களில் முடிக் கணக்கையும் கிராஃப்ட் கணக்கையும் கலந்து அடிப்பார்கள். 4000 என்று சொன்னால் எது 4000 என்று கேட்கச் சொல்.) பின்மண்டையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 65 முதல் 85 கொத்து. அதில் வெளியே தெரியாமல் எடுக்கக்கூடியது, வாழ்நாள் முழுவதற்குமாக, பெரும்பாலானவர்களுக்கு 5000, 6000 கிராஃப்ட். மெல்லிய முடிக்காரர்களுக்கு அதைவிடக் குறைவு. வழுக்கையை 1 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கும் நார்வுட் அளவில் 6ஆம் நிலைக்குப் போன தலையில் வழுக்கைப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டரைத் தொடும். பழைய அடர்த்தியிலேயே நிரப்ப வேண்டுமென்றால் 14,000 கொத்து வேண்டும். இருப்பதோ அதில் பாதிகூட இல்லை.

அப்படியிருந்தும் இது பலிப்பதற்குக் காரணம், அடர்த்தி ஏறத்தாழ பாதியாகக் குறைகிற வரை கண்ணுக்கு வழுக்கை தெரிவதில்லை. ஆகவே முன்பக்கத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 35 முதல் 45 கிராஃப்ட் வைத்தாலே நிறைந்த மாதிரி தோன்றும். முடி தடித்தும் சுருண்டும் இருந்தால் இன்னும் நல்லது. தோலுக்கும் முடிக்கும் நிற வேறுபாடு குறைவாக இருந்தாலும் அப்படியே. உச்சிச் சுழி வேறு ரகம். அங்கே முடி எல்லாத் திசையிலும் விரிவதால் எவ்வளவு போட்டாலும் விழுங்கும். இருப்பு குறைவாக உள்ளவருக்கு முன்பக்கத்தை முடித்துவிட்டு உச்சியை விட்டுவிடுவதுதான் என் வழக்கம்.

அடுத்த கேள்வி, "வைத்த முடி மறுபடி கொட்டுமா?" வழுக்கைக்குக் காரணம் டி.எச்.டி. என்ற ஹார்மோன். அதற்கு வசப்படுகிற தன்மை வேரிலேயே இருக்கிறது, இடத்தில் இல்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது: பின்மண்டை வேரை வழுக்கையில் வைத்தாலும் அது பின்மண்டை வேராகவே நடந்துகொள்கிறது. எனவே வைத்தது பெரும்பாலும் நிற்கும். பிடரிக்குக் கீழேயோ உச்சிக்கு மிக அருகிலோ எடுத்தால் நிற்காது. அந்த இடங்கள் வயதாக ஆகத் தாமே மெலிந்துவிடும்.

நோயாளி கேட்க மறப்பது பக்கத்தில் இருக்கும் சொந்த முடியைப் பற்றி. அது தன் போக்கில் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். நட்டது நிற்க, நடுவே இருந்தது போய், சில வருடத்தில் பார்க்கச் சகிக்காது. அதனால்தான் மாத்திரையைப் பற்றிப் பேசாமல் அறுவை பற்றிப் பேசுவதில்லை. டி.எச்.டி.யைக் குறைக்கிற ஃபினாஸ்டெரைடு 1 மில்லிகிராம், அமெரிக்காவில் 1997இல் இதற்காக அனுமதி பெற்றது. பாலுறவு நாட்டம், விறைப்பு சார்ந்த பக்கவிளைவு ஒரு சில சதவீதம் பேருக்கு வரலாம். தொடங்கும் முன்பே சொல்லிவிடு, மனச்சோர்வு இருந்திருக்கிறதா என்றும் கேள். உன் மாதிரி குடும்ப மருத்துவர் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது, இந்த மாத்திரை, புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கிற இரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழ பாதியாக இறக்கிக் காட்டும். வந்த எண்ணை இரட்டிப்பாக்கிப் படி. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. மினாக்ஸிடில் என்ற முடி வளர்க்கும் மருந்தைத் தடவத் தொடங்கிய முதல் சில வாரத்தில் முடி கூடுதலாகக் கொட்டும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் பயந்துபோய் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

"எஃப்.யூ.இ. நல்லதா, எஃப்.யூ.டி. நல்லதா?" இதை ஒரு சண்டையாகவே ஆக்கிவிட்டார்கள். எஃப்.யூ.டி.யில் பின்மண்டையில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் தோலைப் பட்டையாக எடுத்துத் தைத்துவிட்டு, மைக்ரோஸ்கோப்பின் கீழ் கொத்துக் கொத்தாகப் பிரிப்பார்கள். காது முதல் காது வரை ஒரு கோட்டுத் தழும்பு நிற்கும். ஒட்ட வெட்டினால் தெரியும். எஃப்.யூ.இ.யில் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் அளவுள்ள 'பஞ்ச்' என்ற வட்டத் துளைக்கருவியால் ஒவ்வொரு கொத்தாக எடுப்பார்கள். "தழும்பே இல்லை" என்று விற்பது பொய். ஒவ்வொரு துளைக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி மிஞ்சும், பரவலாக இருப்பதால் தெரிவதில்லை, அவ்வளவே. ஒரே இடத்தில் நெருக்கி எடுத்தால் பின்மண்டை திட்டுத்திட்டாக வெளிறிப்போகும், அதைச் சரிசெய்ய வழி குறைவு. இன்னொரு சிக்கல், சுருள்முடியின் வேர் தோலுக்கடியிலும் வளைந்திருக்கும். நேராக இறங்கும் பஞ்ச் அதை நறுக்கிவிடும். எண்ணிக்கையில் கிராஃப்ட் என்று வரும், முளைக்காது. முறையைவிடக் கை முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

கையென்றால் யாருடைய கை? இதைக் கட்டாயம் கேட்கச் சொல். கிராஃப்டைப் பிரிப்பதிலும் வைப்பதிலும் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் உதவுவது இயல்பு. ஆனால் ஹேர்லைனை வரைவது, மருந்து போட்டு மரக்கச் செய்வது, எடுப்பதற்கும் வைப்பதற்கும் துளையிடுவது எல்லாம் மருத்துவர் செய்ய வேண்டியவை. முன்பக்கத் துளைகள் தோலோடு 15, 20 டிகிரி சாய்வில் படுத்திருக்க வேண்டும். செங்குத்தாகப் போட்டால் முடி நட்டுக்கொண்டு நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். முதல் ஓரிரு வரிசையில் ஒற்றை முடிக் கிராஃப்ட் மட்டும், அதுவும் கொஞ்சம் கோணல்மாணலாக.

"வலிக்குமா?" ஊசி போடும் முதல் சில நிமிடம் நன்றாகவே வலிக்கும். பிறகு அழுத்தம் தெரியும், வலி தெரியாது. 2000, 2500 கிராஃப்டுக்கு ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும் என்பதால் மருந்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டிவரும். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்துக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 420, அதாவது 1 சதவீத மருந்தில் 42 மில்லி. தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டே போனால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். போட்ட மருந்தின் அளவை யாராவது ஒருவர் கூட்டிக் கணக்கு வைத்துக்கொண்டே வர வேண்டும். மானிட்டரும் ஆக்ஸிஜனும் இல்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது.

எடுத்த வேர் வெளியே எவ்வளவு நேரம் தாங்கும் என்று படித்தவர்கள் கேட்பார்கள். முடி நடும் மருத்துவர் லிம்மரின் பழைய ஆய்வொன்றில், குளிர்ந்த சேலைனில் (உப்புநீரில்) வைத்தவற்றில் 2 மணி நேரத்தில் 95 சதவீதமும் 6 மணி நேரத்தில் 86 சதவீதமும் பிழைத்தன. 48 மணி நேரத்தில் 54. நேரத்தைவிடக் கொடியது காய்ந்துபோவது. கையுறை மேல் வரிசையாக அடுக்கி மின்விசிறிக் காற்றில் சில நிமிடம் வைத்தாலே போச்சு. வேரின் குமிழை இடுக்கியால் நசுக்குவதும் அப்படித்தான்.

இனி உன்னிடம் வரப்போவது பெரும்பாலும் பிந்தைய கேள்விகள்தான். முதல் சில இரவு தலையை 45 டிகிரி உயர்த்தித் தூங்க வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை நெற்றி வீங்கி இமை வரை இறங்கலாம், பயமில்லை. ஐஸ் வைப்பதானால் நெற்றியில், நட்ட இடத்தில் வேண்டாம். இரண்டாம், மூன்றாம் நாள் முதல் மெதுவாகக் கழுவலாம். நீரைக் குவளையால் ஊற்ற வேண்டும், ஷவரைத் திறந்துவிடக் கூடாது. பொருக்கு 7 முதல் 10 நாளில் உதிரும். அதற்கு முன்னால் பிய்த்தால் கிராஃப்டும் கூடவே வரலாம். 9, 10ஆம் நாளுக்கு மேல் வேர் பிடித்துவிட்டது. இடையில் ஒருவன் பதறிக்கொண்டு கையில் முடியோடு வருவான். இரத்தம் வந்ததா என்று மட்டும் கேள். வரவில்லை என்றால் விழுந்தது தண்டு, வேர் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஹெல்மெட், நீச்சல், கனமான உடற்பயிற்சி எல்லாம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம்.

பிறகு வருவதுதான் மனதை ஒடிக்கும் கட்டம். இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். சுற்றியிருந்த சொந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் போகும். மூன்று, நாலு மாதத்தில் மெல்லிய பூனைமுடியாகத் தலைகாட்டும், அப்போது சின்னச் சின்னப் பருக்களும் எழும்பும். ஆறு மாதத்தில் பாதி, பன்னிரண்டில் ஏறக்குறைய முழுமை. உச்சிக்கு 15, 18 மாதம்கூட ஆகும். தலை மரத்திருப்பது சில மாதம் நீடிக்கும்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்காதே. நட்ட பகுதியின் நடுவில் தோல் கருநீலமாக மாறினால் இரத்த ஓட்டம் நின்று சதை செத்துக்கொண்டிருக்கிறது. புகைப்பவர்கள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், ஒரேயடியாக மிக நெருக்கமாக நட்டுக்கொண்டவர்கள், இவர்களிடம்தான் பார்ப்பாய். அன்றே அறுவை செய்தவரிடம் அனுப்பு. சீழும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலும் அப்படியே. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர், அதை எழுதிக்கொடுத்த இதய மருத்துவரைக் கேட்காமல் இதற்காக நிறுத்தவே கூடாது. அவர் நிறுத்தலாகாது என்றால் முடியை மறந்துவிட வேண்டியதுதான்.

அண்ணன் முடியைத் தம்பிக்கு வைக்கலாமா என்று கேட்பார்கள், உடல் ஏற்காது. தாடி முடியைக் கொஞ்சம் துணைக்கு எடுக்கலாம், ஹேர்லைனில் வைக்க முடியாது, முரடு. பெண்கள் வந்தால் முதலில் ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச்சத்து இருப்பு) தைராய்டும் பார். தலை முழுக்க மெலிகிறவர்களுக்குப் பின்மண்டையும் சேர்ந்தே மெலிந்திருக்கும், அங்கிருந்து எடுத்து வைப்பதில் பயனில்லை. ஹேர்லைன் ஓரத்தில் சிவப்பு, செதில், எரிச்சல், கூடவே புருவமும் உதிர்கிறது என்றால் பயாப்ஸி பார்க்காமல் யாரையும் அனுப்பாதே. தழும்பாகி முடியுதிரும் நோயாக இருந்தால் வைத்ததையும் அது தின்றுவிடும்.

இனி உன் அக்கா மகன். 23 வயது, நெற்றியின் இரு மூலையும் ஏறியிருக்கிறது, நாலு மாதத்தில் கல்யாணம், அதற்குள் பழைய பள்ளிக்கூட நாள் ஹேர்லைன் வேண்டும். நான் செய்ய மாட்டேன், வேறு யாரும் செய்யவும் விடாதே. இப்போது நட்டால் கல்யாணத் தேதிக்கு அவன் தலை இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் இருக்கும், கணக்கை மேலே சொல்லியிருக்கிறேன். அதைவிடப் பெரிய விஷயம் அவன் அப்பாவும் தாய்மாமனும். ஆமாம், நீயும்தான். வழுக்கை தாய்வழியில் மட்டும் வரும் என்பது தவறு, இரண்டு பக்கமும் எண்ணிக்கையில் சேரும். உங்கள் இருவர் தலையையும் பார்த்தால் அவன் 6ஆம் நிலைக்குப் போகிற சாத்தியம் நிறைய. இப்போதே 2500 கிராஃப்டைச் செலவழித்துக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டால், நாற்பது வயதில் முன்னால் ஒரு பட்டை முடியும் அதன் பின்னால் வெறும் தோலுமாக நிற்பான். நிரப்பக் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. எப்போது செய்தாலும் அவனுக்குப் புருவ மத்தியிலிருந்து 7, 8 சென்டிமீட்டர் உயரத்தில், மூலைகளைச் சற்றுத் திறந்துவிட்ட கோடுதான் பொருந்தும்.

ஃபினாஸ்டெரைடும் மினாக்ஸிடிலும் தொடங்கி ஒரு வருடம் போகட்டும். குழந்தை பெறும் யோசனை இருந்தால் தொடங்கும் முன் என்னிடம் பேசச் சொல். கல்யாணத்துக்கு முடிநிறப் பொடி தூவிக்கொள்ளலாம், படத்தில் நன்றாகவே வரும். நீ அனுப்பிய படங்கள் எல்லாம் சீவிவிட்ட தலை, ஒன்றும் தெரியவில்லை. தலையை நனைத்துவிட்டு, நேர் முகம், இரு பக்கமும், உச்சி, பின்மண்டை என்று ஒரே வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல். பின்மண்டையில் மட்டும் முடியை வகிடு பிரித்துக் கிட்டத்தில் ஒன்று வேண்டும்.

அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி