கடையில் வயசு பார்க்கிற விஷயம்: ஞாயிறு கூட்டம்

கொழிஞ்சாம்பாறைக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கமுங்க.

போன சனிக்கிழமை தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், நம்ம கேரளாவில் ஒரு மதுக்கடை வரிசையில் நின்ன பையனுக்கு மீசைகூட ஒழுங்கா முளைக்கலை. போனில் ஆதார் போட்டோவைக் காட்டினான். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காம பாட்டிலை நீட்டிட்டார். போட்டோவில் பிறந்த வருஷத்தை மாத்த ரெண்டு நிமிஷம் போதுமுங்க.

அட்டையில் இருக்கிற கியூஆர் கோடு அப்படியில்லை. பிறந்த தேதி, போட்டோ ரெண்டும் அதுக்குள்ளேயே டிஜிட்டல் கையெழுத்தோட இருக்கு. உரிய ஆப்பில் ஸ்கேன் பண்ணினா திருத்தினது தெரிஞ்சிடும், இன்டர்நெட்கூட வேண்டாம். (அண்ணன் அட்டையைத் தம்பி கொண்டு வந்தா, முகத்தை ஒத்துப் பார்த்துத்தான் ஆகணும்.)

இன்னொண்ணு, மது வாங்க ஆகியிருக்க வேண்டிய வயசு தமிழ்நாட்டில் 21, நம்ம கேரளாவில் 23. எல்லையில் இருக்கிற கோபாலபுரம் தாண்டி வர்ற 22 வயசுக்காரங்க கவுண்டரில் மல்லுக்கு நிக்கிறது இதனாலதான்.

ஸ்கேனர் வைக்கச் சொல்லி எக்சைஸ் ஆபீசுக்கு மனு எழுதியாச்சு. ஞாயிறு காலை 10 மணிக்கு வாசகசாலைத் திண்ணைக்குக் கையெழுத்துப் போட வாங்க. பேனா கொண்டாங்க, போன தடவை ஒரே பேனாவுக்கு அத்தனை பேரும் அடிச்சுக்கிட்டோம். கள்ளுக்கடை விவகாரத்தை அன்னைக்கு இழுக்க வேண்டாமுங்க.